சிங்கக்குரலோனின் பெல்ட்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: கண்ணாமுனை அருள்மிகு அம்மன் ஆலய வருடாந்தச் சடங்கின் நிறைவு நாளன்று, கலையுலகின் இமயம், சிங்கக்குரலோன், அமரர் மூத்ததம்பி அண்ணாவியார் அவர்களின் தெய்வீகக் குரலானது, கசெற் என்னும் பழைய உடலை நீத்து, கணினி என்னும் புதிய உடலில் குடியேறவுள்ளது. அன்னாரது மூலக் கசெற் வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டு, ஆலய முன்றலில் எழுப்பப்படும் அன்னாரது திருவுருவச் சிலையின் அத்திவாரத்தில் நிரந்தரமாக இடப்படும். உலக வரலாற்றில் முதன்முறையாக நடைபெறும் இந்நிகழ்வில் அடியார்கள் அனைவரும் ஆசாரத்துடன் கலந்துகொள்ள வேண்டும். கைத்தொலைபேசி கண்டிப்பாகத் தடை. இவ்வண்ணம், தேசகீர்த்தி, சமூகத்திலகம், சமாதான நீதவான் தங்கராசா, ஓய்வுநிலை உதவிப் பணிப்பாளர், தலைவர், ஆலய பரிபாலன சபை.

இந்த அறிவித்தலை ஓட்டோ ஒன்றின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கி ஊரெல்லாம் கொண்டு திரிந்தது. வாவிக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். மாடுகள் அதுவும் செய்யவில்லை. ஊரில் ஒரே ஒருத்தியை மட்டும் அந்த அறிவித்தல் போய்த் தைத்தது. அவள் மங்கையற்கரசி, அமரரின் ஒரே மகள். யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தவள், தையல் மெசினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, 'அத்திவாரத்தில் நிரந்தரமாக' என்ற இடம் மறுபடி வரும்வரை காத்திருந்து கேட்டாள். சரியாகத்தான் கேட்டிருந்தாள். அப்பாவின் குரல் சீமெந்துக்குள் போகப்போகிறது.

கணினியில்தான் ஏற்றுகிறார்களே, பிறகென்ன கவலை என்று வெளியூர் ஆட்கள் கேட்கக்கூடும். வெளியூர் ஆட்களுக்குச் சில விசயங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூத்ததம்பி அண்ணாவியாருக்குச் சிங்கக்குரல் இருந்ததே இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் ஊர் அவரைக் கீச்சான் அண்ணாவி என்றுதான் கூப்பிட்டது. கீச்சான் வாவியில் படுகிற ஒரு மீன். பிடித்துக் கையில் எடுத்தால் கீச்சுக்கீச்சென்று கத்தும். மனுசனும் அப்படித்தான். மெல்லிய, கூரான, அவசரக்காரக் குரல். வயல் வட்டையின் இந்தத் தொங்கலில் நின்று அவர் கூப்பிட்டால் அந்தத் தொங்கலில் மேய்கிற மாடு மேய்ச்சலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். ஊர் அம்மனுக்குத் தானே கட்டிய காவியத்தை அந்தக் குரலில்தான் வருசா வருசம் பாடினார். சுனாமிக்கு முந்தின வைகாசியில், டோஹாவிலிருந்து வந்த ஒருவர் கோயிலுக்குக் கொடுத்த புத்தம்புதிய கசெற் பெட்டியில், தன் வீட்டு விறாந்தையில் இருந்து அதைப் பாடிப் பதிந்தார். அடுத்த சடங்குக்கு அவர் இல்லை. நெஞ்சுவலி. பெட்டி பாடியது.

அன்றிலிருந்து பெட்டிதான் அண்ணாவியார். வருசத்தில் ஒரு கிழமை மட்டும் கதவு திறக்கிற கோயில் அது. மற்ற நாளெல்லாம் பெட்டி அம்மனின் சிலம்போடும் பட்டோடும் பூட்டிய அறைக்குள் புழுங்கிக் கிடந்தது. மோட்டரிலிருந்து சில்லுகளுக்குப் போகிற ரப்பர் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பெல்ட் இளக, சில்லு மெதுவாகச் சுற்றியது. சில்லு மெதுவாக, குரல் இறங்கியது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் யாராவது திடுக்கிட்டிருப்பார்கள். வீட்டுப் பிள்ளை வளர்வது வீட்டுக்காரருக்குத் தெரியாத மாதிரி, ஊருக்கும் தெரியவில்லை. கீச்சான் முதலில் சாதாரண மனிதனானான், பிறகு பாகவதரானான், கடைசியில் சிங்கமானான்.

குரல் இறங்க இறங்கக் காவியம் நீண்டது. காவியம் நீள, அம்மன் வீதி சுற்றுவதும் ஆமை வேகத்துக்கு வந்தது. அம்மனைத் தோளில் சுமந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்; அதைப் பக்தி என்று சனம் எடுத்துக்கொண்டது. பாடப் பழகின இளசுகள் அந்த வேகத்துக்கே இழுத்துப் பாடி, மூச்சு முட்டி மயங்கி விழுந்தார்கள், அது அருள். காவியம் தொடங்குமுன் பெட்டியிலிருந்து நீளமாக ஓர் உறுமல் வரும். அம்மன் இறங்குகிறாள் என்று சனம் இரண்டு கையையும் தூக்கும். கலாநிதி உதயரூபன் என்ற விரிவுரையாளர் அந்த உறுமலுக்கு 'ஆதிநாதம்' என்றும், இழுவைக்குக் 'கண்ணாமுனைப் பாணி' என்றும் பெயர் வைத்து, வாவியின் அலையற்ற தன்மை மக்களின் கலையில் நிதானமாக வெளிப்படுமாற்றை ஒரு மாநாட்டில் வாசித்தார். பெல்ட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இனி உரிமை. இந்தப் பக்கத்துக் கோயில்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு குடி உரிமைக்காரர். விளக்குக்கு ஒரு குடி, மடைப் படையலுக்கு ஒரு குடி. குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. பெட்டி வந்ததும் அதற்கும் உரிமை பிரிக்கவேண்டி வந்தது. ஊர் இரண்டுபட்டு, கோயில் கூட்டத்தில் கதிரை பறந்து, கடைசியில் தீர்த்தார்கள். கசெற்றைப் பெட்டிக்குள் போடுவதும் எடுப்பதும் வேலெடுத்தான்குடி. பாடவைக்கிற பொத்தானை அமத்துவது அண்ணாவியாரின் குடியான பெரியவீட்டுக்குடி; அதாவது அவருடைய அக்காவின் மகன் தங்கராசா. நிப்பாட்டுகிற பொத்தானை ஒருவரும் கேட்கவில்லை. அம்மனின் பாட்டை நிப்பாட்டினவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? நாடா முடிந்தால் பெட்டி தானே டக்கென்று நிற்கும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மங்கையற்கரசி தாயின் குடி, கரையிருப்புக்குடி. கோயிலில் அவர்களுடைய உரிமை வேப்பிலை கொண்டுவருவது. ஆக, தகப்பனின் குரலில் மகளுக்கு ஒரு பங்கும் கிடையாது. எல்லாம் மச்சான் தங்கராசாவுக்கு. இது அநியாயம் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. ஒரு வருசம் மட்டும், "மச்சான், இது அப்பாட குரல் இல்ல, பெட்டி இழுக்குது" என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீங்க அப்ப சின்னப்புள்ள, மச்சாள். உங்களுக்கு எங்க நினைவிரிக்கப் போகுது?" என்றார் தங்கராசா. அண்ணாவியார் சாகும்போது அவளுக்குக் கலியாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சீமெந்துக்குள் போகுமுன் ஒரு தரம், அப்பா பாடின வேகத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை அதைக் கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் அப்பாவின் சொந்தக் குரல் அவளுக்குள்ளேயே அழிந்துகொண்டு வந்தது. கண்ணை மூடி நினைத்தால் சிங்கம்தான் உறுமியது.

கதவு திறந்த அன்றைக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தங்கராசா பட்டு வேட்டியோடு வந்து பொத்தானை அமத்தினார். சிவப்பு லைற் எரிந்தது. உள்ளே எதுவோ முனகியது. சில்லு சுற்றவில்லை. மறுபடி அமத்தினார். அதிகாரத்துக்குப் பெட்டி அடங்கவில்லை.

"தாய்க்கு என்னவோ குறை," என்றார் கட்டாடியார். பூசை செய்கிறவர் அவர். எதற்கும் அதைத்தான் சொல்வார்.

"பெட்டிக்குத்தான் குறை," என்றாள் வேப்பிலைக் கட்டோடு நின்ற மங்கையற்கரசி. "ரவுனில என்ட மெசின் பாக்கிற கிளோட் அண்ணன் இரிக்கார். காட்டிப் பாப்பம், மச்சான்."

வேறு வழி இல்லை. மறுநாள் காலை மண்டூர்த் துறையில் பாதை என்கிற இழுவை மிதவையில் ஏறி வாவியைக் கடந்தது ஒரு தூதுக்குழு. தங்கராசா பெட்டியைப் பட்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கசெற்றில் கைவைக்கிற உரிமை இல்லாதபடியால் அதைக் கொண்டுவர வேலெடுத்தான்குடியின் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், நல்லப்போடி கூடவே வந்தார். கடை இருக்கிற சந்து இருவருக்கும் தெரியாதபடியால் மங்கையற்கரசியும் வந்தாள். பாதையில் ஏறின மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் பட்டுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "புள்ள பிறந்து எத்தின நாள், ஐயா?" என்று கேட்டான். தங்கராசா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளோட் பறங்கிக்காரர். மாதா படத்துக்குக் கீழே, தையல் மெசின்களுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவில், பெனியனோடு இருந்தார். பட்டை விரித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வருசா வருசம் அப்பின சந்தனமும் குங்குமமும் பெட்டியில் ஒரு விரல் தடிப்புக்கு ஏறியிருந்தது. வயர் கொழுவுகிற ஓட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை.

"இது என்ன மென், றேடியோவா சாமியா?"

"ரெண்டும்தான்," என்றார் நல்லப்போடி.

மூடியைக் கழற்றினதும் கிளோட் விசிலடித்தார். பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அது உருகிக் கறுப்பாகத் தார் மாதிரி ஒழுகியிருந்தது. அதைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "மோட்டர் நல்லாத்தான் சுத்துது. பாருங்க தங்கச்சி, மாடு ஓடுது, கயிறு அறுந்திற்று. ஒரே ஒரு பெல்ட்தான் மூண்டு இடத்துக்குப் போகுது. மோட்டர்ர சின்னக் கப்பி, இந்தப் பெரிய பாரச் சில்லு, மறுகா இந்த பிளாஸ்ரிக் சில்லு."

"ஏன் பாரம்?" என்று கேட்டாள் மங்கையற்கரசி. தையல் மெசினின் சக்கரமும் பாரம்தான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"பாரமா இரிந்தாத்தான் ஒரே சீரா ஓடும். இந்தப் பாரச் சில்லுட அச்சுத்தான் மேல கம்பியா நீட்டிக்கொண்டு நிக்கிது. கம்பியும் இந்த ரப்பர் உருளையும் நாடாவ நடுவில கவ்வி இழுக்கும். இழுக்கிற வேகம்தான் பாட்டுர வேகம். இழுத்து விடுற நாடாவ ஆராவது எடுக்க வேணுமே? அதுக்குத்தான் பிளாஸ்ரிக் சில்லு. அதுல இருந்து இந்தப் பல்லுச் சில்லுகள் திருப்பி, கசெற்றுர வலப்பக்கத்தச் சுத்த வைக்கும்."

"அது சுத்தாட்டி?"

"கம்பி இழுத்துக்கொண்டே இரிக்கும், எடுக்க ஆள் இல்ல. நாடா பெட்டிக்குள்ள குடல் மாதிரிக் கொட்டும்."

"எங்களுக்கு விஞ்ஞானம் வேணாம்," என்றார் தங்கராசா. "பாட வைச்சாச் சரி."

கிளோட் மேசைக்கு அடியில் தேடிப் புது பெல்ட் ஒன்றை எடுத்து மாட்டினார். அவர் மனைவி றொவீனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நல்லப்போடி கும்பிட்டுவிட்டுக் கசெற்றைப் போட்டார். தங்கராசா தொண்டையைச் செருமிவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

ஒரு மெல்லிய, கூரான, அவசரக்காரக் குரல் சொன்னது: "மங்கை, அந்த ஆட்டத் துரத்து புள்ள, பயத்தங்கொடியத் திண்டுபோடும்."

மங்கையற்கரசி கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைக்கப் போனாள். மேசை எங்கே என்று தெரியவில்லை. றொவீனா கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் ஒரு செருமல். பிறகு காவியத்தின் முதல் அடி, அப்பா வரம்பில் நடக்கிற வேகத்தில், துள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாவது அடி வருமுன் தங்கராசா சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"ஆரு இவன்?" என்று கேட்டார்.

"அப்பாதான், மச்சான்! ஆட்டத் துரத்தச் சொன்னவர். எனக்கு நினைவிரிக்கி, நம்மட கறுத்த ஆடு..."

"இது பொம்புள கதைச்ச மாதிரி இரிக்கி. என்ட மாமாட குரல் இது இல்ல."

"ஊரே கீச்சான் எண்டுதானே கூப்பிட்ட," என்றார் நல்லப்போடி. உண்மை சொல்லவேண்டும் என்பதற்காக இல்லை. பெரியவீட்டுக்குடிக்கு ஒரு இடி விழுந்ததில் அவருக்கு ஒரு குளிர்ச்சி.

தங்கராசா வெளிறிப்போனார். சிங்கக்குரலோன் என்று கருங்கல்லில் வெட்டியாகிவிட்டது. சிலைக்கு அகன்ற மார்பும் முறுக்கு மீசையும் வைத்தாகிவிட்டது. ஈர்க்கு மாதிரி இருந்த அண்ணாவியாருக்கு மீசை முளைத்ததே இல்லை. சிலை பார்ப்பதற்குத் தங்கராசாவைப் போலவே இருந்தது. கலாநிதி அன்றைக்கு ஆதிநாதத்தை விளக்கிப் பேச ஒத்துக்கொண்டிருந்தார். ஆதிநாதமோ ஆடு துரத்துகிறது.

"மெதுவாக்குங்க," என்றார்.

"என்ன?"

"முந்தி எப்பிடி ஓடிச்சோ அப்பிடி ஓட வைங்க."

கிளோட் தங்கராசாவைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார், பிறகு பிளக்கைத் திரும்பக் கொழுவி, மோட்டரின் முதுகிலிருந்த ஓட்டைக்குள் சின்னத் திருப்புளியைக் கொடுத்துத் திருகினார். குரல் இறங்கியது. தங்கராசா காதைச் சாய்த்துக் கேட்டார். "இது நரி அளவிலதான் இரிக்கி. இன்னும் இறக்குங்க."

"இதுக்கு மேல ஸ்குறூ திரும்பாது. மோட்டர் இதுக்குக் கீழ ஓடாது."

"அப்ப பெல்ட்ட இளக்குங்க."

"இளக்கினா மூண்டாவது சில்லு சறுக்கும், ஐயா. இளகின பெல்ட் முதல்ல கைவிடுறது அதத்தான். கொஞ்ச நேரத்துக்கு ஓடும். மறுகா நாடாவத் திங்கும்."

"அம்மன்ட பெட்டி அம்மன்ட நாடாவத் திங்காது," என்று தீர்ப்பளித்தார் சமாதான நீதவான்.

பெட்டி அவர்களுடையது. கிளோட் ஏதோ ஒரு பழைய மெசினிலிருந்து கழற்றிப்போட்ட, இழுபட்டுத் தொங்கின பெல்ட் ஒன்றை மாட்டினார். சிங்கம் உறுமியது. தங்கராசா கண்களை மூடிக் கைகூப்பினார். கசெற் நல்லப்போடியின் சட்டைப் பைக்குள் போனது.

கடை வாசலில் மங்கையற்கரசி பின்தங்கி நின்றாள். "அண்ணன், ஒருக்கா மட்டும் நல்ல பெல்ட்டப் போட்டு முழுக்கக் கேக்க ஏலாதா? நான் ஒண்டும் தொடமாட்டன்."

"கசெற் அவங்கட பொக்கற்றில, தங்கச்சி. என்ட கையில பெல்ட் மட்டும்தான் இரிக்கி." கிளோட் கையைத் துணியில் துடைத்தார். "ஒண்டு மட்டும் கேளுங்க. குரல் நடுங்கத் தொடங்கினா நாடா வெளிய கொட்டுது எண்டு அர்த்தம். உடன நிப்பாட்டச் சொல்லுங்க. நிப்பாட்டினா ஒண்டும் ஆகாது. ஒரு பொத்தான்தானே?"

அந்தப் பொத்தானுக்கு உரிமைக்காரர் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிறைவு நாள் பிற்பகல் வெயில் வாவியிலிருந்து திரும்பி வந்து சனத்தின் முகத்தில் அடித்தது. முன்றலில் சிலை வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது. பக்கத்தில் பீடத்துக்கு வெட்டின குழி, மேசன், குழைத்த சீமெந்து. பெட்டிக்கு மாலை. கலாநிதி உதயரூபன் மடிக்கணினியைத் திறந்து, பெட்டியின் பின்பக்கம் வயர் கொழுவ ஓட்டை தேடினார். விரலில் சந்தனம் மட்டும் வந்தது. சுரண்டலாமா என்று கேட்டார். அந்தச் சந்தனம் எந்தக் குடி வைத்தது என்று ஒரு கேள்வி எழும்பவே, வேண்டாம், கணினிக்குக் காது இருக்கிறது, அது கேட்டே பதியும் என்று பின்வாங்கினார். கிளோட்டும் வந்திருந்தார். விரதம் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்றபடியால் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

பேச்சுகள் நடந்தன. 'இமயம்' என்ற சொல் அடிக்கடி வந்தது. பிறகு நல்லப்போடி கசெற்றைப் போட்டார். பறை முழங்க, பெண்கள் குரவையிட, தங்கராசா பொத்தானை அமத்தினார்.

உறுமல் எழுந்தது. சனம் முழுவதும் கை தூக்கியது. மங்கையற்கரசி தூக்கவில்லை. அவளுக்கு இப்போது உறுமலுக்குள்ளே இருப்பது தெரியும். தன் பெயரையும் ஆட்டையும் அதற்குள் தேடினாள். இருட்டுக் கிணற்றுக்குள் விழுந்ததைத் தேடுகிற மாதிரி, அடியில் ஏதோ கிடப்பது மட்டும் தெரிந்தது.

காவியம் தொடங்கி, அம்மன் வீதியில் கால்வாசிகூடப் போயிருக்காது. குரல் நடுங்கியது.

சனம் சிலிர்த்தது. "பாருங்க, அவர்ர கமகத்த!" என்று கலாநிதி முணுமுணுத்தார். மங்கையற்கரசி எட்டிப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடிக்குள் கசெற்றின் வலப்பக்கம் சும்மா நின்றது. கம்பி இழுத்துக்கொண்டே இருந்தது. கதவின் கீழ் இடுக்கால் மண்ணிற நாடா ஒரு சுருள் வெளியே நழுவியது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். பறைக்குள் அது அமிழ்ந்தது. சனத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே ஓடினாள். கொண்டை அவிழ்ந்து தலைமுடி விரிந்தது. "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கடா!"

பக்கத்து வளவு யசோதினிதான் முதலில் கண்டாள். "தாய் வந்திற்றாகா! மங்கையக்காவில தாய் வந்திற்றா!" என்று அலறிக்கொண்டு வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். இன்னும் நாலைந்து பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். காலையில் மங்கையற்கரசி கொண்டுவந்து கொடுத்த வேப்பிலையாலேயே அவளுக்கு அடித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

"விடுகா யசோ! நாடா போகுது, விடு!"

"ஓம் தாயே, ஓம்," என்றாள் யசோதினி, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

கட்டாடியார் எதிரே வந்து விழுந்து கும்பிட்டார். "என்ன குறை, தாயே? சொல்லு, செய்யிறம்."

மங்கையற்கரசிக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக ஊர் காது கொடுத்தது. "பொத்தான அமத்து! நிப்பாட்டுற பொத்தான!"

கட்டாடியார் எழும்பி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, சபையிடம் திரும்பினார். "தாய் பொத்தான் கேக்கிறா."

"நான் அமத்திறது பாடுற பொத்தான்," என்றார் தங்கராசா. "மற்றதில எங்கட குடிக்கு உரிமை இல்ல. நாளைக்கு ஒரு கதை வரப்படாது."

"எங்களுக்குப் போடுறதும் எடுக்கிறதும்தான்," என்றார் நல்லப்போடி. "ஓடுற பெட்டியில நாங்க கைவைச்சா, பெரியவீட்டார் விடுவாங்களா? தாயிட்டயே கேளுங்க, எந்தக் குடிக்கெண்டு."

சனம் இதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. கட்டாடியார் மறுபடி கும்பிட்டார். "எந்தக் குடி, தாயே?"

நாடா இப்போது மாலைக்குள்ளால் ஒழுகி மேசையில் குவிந்துகொண்டிருந்தது. சிங்கம் விக்கியது, இழுத்தது, தண்ணீருக்குள் கதைப்பது போலக் குழறியது. வாசலில் கிளோட் சப்பாத்தை ஆட்டி ஆட்டி, "பிளக்கப் பிடுங்குங்க, மென்!" என்று கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். அந்த ஒரு கை நீளத்தை நான்கு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் யோசிக்க நேரமில்லாமல், தெய்வமாகவே சொல்லிவிட்டாள்.

"கரையிருப்புக்குடி! இவளிட்டக் குடு! இவள் அமத்தட்டும்!"

 பறை அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். யசோதினியின் பிடி தளர்ந்தது.

தங்கராசா மெல்லச் சிரித்தார். "தன்ட குடிக்குத் தானே கேக்கிறா. இது தாய் இல்ல. இது நம்மட மங்கை மச்சாள்."

"அப்பிடித்தான் கிடக்கு," என்றார் நல்லப்போடி. பெட்டி வந்த நாளிலிருந்து இரண்டு குடியும் ஒத்துப்போன முதல் விசயம் அது. பெண்கள் அவளை விட்டுவிட்டார்கள். ஆனால் இப்போது ஆண்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். தெய்வம் என்று நினைத்தபோது பிடித்து வைத்தார்கள். மங்கை என்று தெரிந்தபோது தள்ளி வைத்தார்கள்.

மோட்டர் தன் பாட்டுக்கு வேலை செய்தது. கம்பியைச் சுற்றி நாடா பந்தாகத் திரண்டு, உருளை திணறி, ரப்பர் புகைகிற ஒரு மணம் வந்து, பெட்டி நின்றது. டக்கென்று நிற்கவில்லை. முனகிக்கொண்டு நின்றது.

"காவியம் நிறைவுற்றது," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் தங்கராசா.

முகூர்த்தம் முடியப்போகிறது என்று மேசன் அவசரப்படுத்தினான். எடுக்கிற உரிமை உள்ள நல்லப்போடி கசெற்றை இழுத்தெடுத்தார். வராததைக் கத்தியால் வெட்டி எடுத்தார். குடல் சரிந்த கசெற்றும் ஒரு பிடி நாடாவும் வெள்ளிப் பேழைக்குள் திணிக்கப்பட்டன. மூடி சரியாகப் பொருந்தவில்லை, பட்டால் கட்டினார்கள்.

மங்கையற்கரசி மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றாள். கிளோட் அவள் முகத்தைப் பார்க்காமல், கெதியாகச் சொன்னார்: "அழாதீங்க தங்கச்சி. அறுந்தா ஒட்டலாம். கசங்கினா நேராக்கலாம். பொறுமையா இரிந்து விரலால நீவி, வேற கசெற்றுல சுத்தி, நல்ல பெல்ட்டில ஓட்டினா, அவர் அப்பிடியே வருவார். அங்கங்க ஒரு சொல்லு விடுபடும், அவ்வளவுதான். அத மட்டும் எப்பிடியாவது வாங்கிற்று வாங்க."

அவள் ஓடினாள். சனம் பீடத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. இடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சேர்ந்தபோது மேசன் கரண்டியால் சீமெந்தின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அழுத்தமாக, நேர்த்தியாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"மச்சான், அத எடுத்துத் தாங்க. கிளோட் அண்ணன் சரிக்கட்டலாமாம்."

"இனி எப்பிடி மச்சாள்? சாந்தி செய்யாமத் தோண்ட ஏலாது. மறுகா எந்தக் குடி தோண்டுறது?" அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "நீங்க கவலப்படாதீங்க. மாமா கொம்பியூட்டரில இரிக்கார்."

கணினியில் இருந்தது பறையும், குரவையும், மங்கையற்கரசி "நிப்பாட்டுங்கடா" என்று கத்தினதும்தான். கலாநிதி அதை ஒரு தரம் போட்டுக் கேட்டுவிட்டு, மூடி வைத்தார். பிறகு சிலையின் துணியை விலக்கினார்கள். அகன்ற மார்போடும் முறுக்கு மீசையோடும் தங்கராசா கைகூப்பி நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெட்டியைத் துப்புரவாக்கும்படி கிளோட்டிடமே அனுப்பினார்கள். அவர் சிக்கியிருந்த நாடாவை ஊசியால் எடுத்தார். அந்தத் துண்டு ஒரு நகத்தளவு நீளம். அதை மங்கையற்கரசியிடம் கொடுத்தார். அதில் என்ன இருக்கும் என்று அவள் கேட்டாள். ஒரு சொல்லும் முழுதாக இராது, ஒரு எழுத்தில் பாதி இருக்கலாம் என்றார். அவள் அதைத் தையல் மெசினின் இழுப்பறைக்குள் வைத்தாள். கிளோட் யாரும் கேட்காமலே தொங்கல் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புது பெல்ட்டை மாட்டினார்; பல்லுச் சில்லுகளுக்கு எண்ணெய் விட்டார்; மோட்டரின் திருகாணியை இருந்த இடத்துக்கே திருப்பி வைத்தார்.

அடுத்த வைகாசியும் வந்தது. நிப்பாட்டுகிற பொத்தானின் உரிமையைத் தீர்மானிக்க ஓர் உபகுழு அமைத்திருந்தார்கள். அது இன்னும் கூடவில்லை. நல்லப்போடி பெட்டியின் கதவைத் திறந்து, வெறுங்கையை உள்ளே காட்டிவிட்டு மூடினார். உரிமையை விட்டுக்கொடுக்க முடியுமா? தங்கராசா பட்டு வேட்டியோடு வந்து பொத்தானை அமத்தினார். சிவப்பு லைற் எரிந்தது. சனம் கை தூக்கியது. வேப்பிலைக் கட்டோடு நின்ற மங்கையற்கரசி, பெட்டியின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். வலப்பக்கச் சில்லு சீராகச் சுற்றுவது தெரிந்தது.

பெட்டி இப்போது சரியான வேகத்தில் ஓடுகிறது. உள்ளே கசெற் இல்லை.